மூன்று மணிச் சங்கு

4

ஒரு நிமிடம் ஐம்பது விநாடி ஓடும் அந்த வீடியோவைப் பதினாறாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். கதாநாயகன் இல்லை, வசனம் இல்லை. யாரோ ஒரு காலி வீட்டைப் போனில் படம் பிடித்துக்கொண்டே நடக்கிறார்கள். ஹால். படுக்கையறை. சமையலறையில் குழாய் திறந்திருக்கிறது, தண்ணீர் ஓடுகிறது. மேடை ஓரத்தில் ஒரு தூக்குவாளி, பிடியில் வெள்ளைக் கட்டுத்துணி சுற்றியிருக்கிறது. கடைசியில் பால்கனி. கிரில்லில் இரண்டு மயில்கள், ஒன்றுக்குத் தலை இல்லை.

"ஏட்டம்மா, இடைவேளை எப்ப விடுவாக?" என்று கேட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஏட்டம்மா என்று நான் சொல்வது வெங்கடேஸ்வரியை. இருபத்தெட்டு வருஷம் போலீஸில் இருந்து ஏட்டாக ஓய்வு பெற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். எங்களுக்கு வருகிற கேஸில் பாதி, மாப்பிள்ளை குடிப்பாரா என்று பார்த்துச் சொல்வது. மீதிப் பாதி, குடிக்கிறார் என்று நாங்கள் சொன்னதை நம்பாமல் மறுபடி பார்க்கச் சொல்வது. நான் சாம்சன். அதே கோர்ட்டில் இருபது வருஷம் டைப் அடித்தவன். அடுத்தவர் பொய்யை மூன்று காப்பி எடுத்து எடுத்து, இந்தத் தொழிலுக்குத் தகுதியாகிவிட்டேன்.

இந்த வீடியோவைக் கொண்டுவந்தவர் தவசிமுத்து அண்ணாச்சி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததையும், சோழபுரத்தில் இருந்த மானாவாரிக் காட்டை விற்றதையும் சேர்த்து, ஓசூரில் ஆறு வீடு கொண்ட ஒரு சின்ன அப்பார்ட்மென்ட்டில் இரண்டு வீட்டுக்குப் பணம் கட்டினார். கட்ட வைத்தது, கூட வேலை பார்த்தவரின் மகன் சோலைராஜ். உள்ளூரில் முதல் போட்டால் உள்ளூர்க்காரன் கண் படும், தூரத்து ஊரில் சின்னக் கட்டடம் என்றால் கம்பெனிக்காரர்கள் வரிசையில் நின்று வாடகை கொடுப்பார்கள் என்பது சோலைராஜின் உபதேசம்.

கட்டடத்தை அண்ணாச்சி நேரில் பார்த்ததில்லை. கட்டடம் முடியப்போகிறது என்று சோலைராஜ் சொன்ன சமயத்தில் நெஞ்சுவலி வந்து மதுரையில் ஆபரேஷன் ஆகிவிட்டது. தூரப் பயணம் கூடவே கூடாது என்றார் டாக்டர். மூன்று வருஷமாக மாதம் பிறந்தால் மனைவி பிச்சையம்மாளின் பேங்க் கணக்குக்கு ஒரு வீட்டின் வாடகை வருகிறது, அந்த அம்மாளின் போனுக்குக் காலியாகக் கிடக்கும் இன்னொரு வீட்டின் வீடியோவும் வருகிறது. அண்ணாச்சி வைத்திருப்பது பட்டன் போன். ஆக, ஓசூர் முழுக்க அந்த அம்மாளின் போனுக்குள்தான் இருக்கிறது.

இப்போது அவர் மகள் ஜெயசித்ராவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறது. மாப்பிள்ளை முத்துக்குமரன் சேத்தூர்க்காரர், வேலை ஓசூரில். கல்யாணத்துக்குப் பிறகு அந்த இரண்டு வீட்டில் ஒன்றில் குடியிருப்பதாகப் பேச்சு. வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் போய்ப் பார்க்கிறேன், சாவி யாரிடம் வாங்கட்டும் என்று மாப்பிள்ளை கேட்டிருக்கிறார். சோலைராஜின் நம்பர் உபயோகத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவனைப் பிடித்துச் சாவியை வாங்கித் தர வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை கல்யாணம் நின்றுபோகும் என்று சொல்லி, அண்ணாச்சி புதன்கிழமை ஒரு மெமரி கார்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். மனைவிக்குத் தெரியாமல் எடுத்து வந்தாராம். தெரிந்தால் அவள் பயந்துவிடுவாளாம். முப்பது வீடியோவுக்கு மேல் வந்திருக்குமே, ஒன்றுதானா என்று ஏட்டம்மா கேட்டபோது, "இது போதும்மா" என்றார்.

பதினேழாவது தடவை ஓடி முடிகிற நேரத்தில்தான் நான் கேட்டேன். "கடைசியில ஒரு எருமை கத்துதே. அதுவும் அந்த அப்பார்ட்மென்ட்லதான் குடியிருக்கா?"

"என்ன சத்தம்? ஒண்ணும் கேக்கலயே" என்றார் ஏட்டம்மா.

மறுபடி போட்டேன். கேட்கவில்லை என்றார். இன்னொரு தடவை, ஒலியைக் கூட்டி, போனை அவர் காதிலேயே வைத்தேன். அவர் முகம் மாறியது.

"ஏலே, இது சங்குலே" என்றார். "மில்லுல ஷிப்ட் மாறுறப்ப ஊதுற சங்கு. இழுத்துக்கிட்டே வந்து நடுவுல ஒரு விக்கல் விட்டு, பொறவு ஏறும். எங்க வீட்டுக்குப் பின்னாடி ஊதுன மூணு மணிச் சங்கு. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அந்த விக்கல் இருக்கு."

ஏட்டம்மா பிறந்தது ராஜபாளையம். நான் ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம். எனக்குக் கோயில் மணி கேட்காது. அவருக்கு மில் சங்கு கேட்காது. பிறந்ததிலிருந்து கேட்பதைக் காது ஒரு கட்டத்துக்குமேல் கணக்கிலேயே எடுப்பதில்லை.

"அப்ப ஓசூர் வீடு ராஜபாளையத்துல இருக்கு" என்றேன்.

"பதினேழு தடவ பாத்த எனக்கே கேக்கல. முப்பத்து நாலு வருசம் அந்தச் சத்தத்துலயே கிடந்த மனுசனுக்கு எங்கிட்டுக் கேக்கப்போவுது? இது தெரிஞ்சுதான் சோலைராஜ் தைரியமா அனுப்பிருக்கான்" என்றார் ஏட்டம்மா. அருமையான முடிவு. நோட்டில் எழுதிக்கொண்டேன். நல்லவேளை, பென்சிலில்.

பஸ் பிடித்து ராஜபாளையத்தில் இறங்கி மில் வாசலுக்குப் போகும்போது மூன்று மணி. சங்கு ஊதியது. இழுத்தது, விக்கியது, ஏறியது. இனி தலையில்லாத மயிலைக் கண்டுபிடிக்க வேண்டும். நான் தெருத் தெருவாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து சாக்கடையில் ஒரு கால் வைத்தேன். ஏட்டம்மா அதெல்லாம் செய்யவில்லை. தெருமுனையில் வண்டி போட்டுத் துணி தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் நேராகப் போனார். யார் வீட்டுக் கொடியில் என்ன காய்கிறது என்பது தேய்ப்புக்காரரைத் தவிர யாருக்குத் தெரியும்?

உக்கிரபாண்டி என்ற அந்த மனிதர் போனை ஒரு பார்வை பார்த்தார். மூன்றாவது தெருவில் ஆறு வீட்டுக் கட்டடம், மேலே ஒரு வீடு காலி, அந்தப் பால்கனி என்றார். சொந்தக்காரர் யார் என்று கேட்டோம். பெங்களூரில் இருக்கிறாராம். தூரத்து ஊரில் சின்னக் கட்டடமாக வாங்கிப் போட்டால் நல்லது என்று யாரோ சொன்னார்களாம். போட்டோ பார்த்து வாங்கியவர், இதுவரை வந்து எட்டிப் பார்த்ததில்லையாம்.

"அவுகளும் அண்ணாச்சியும் ஊர மாத்திக்கிட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்றேன்.

"அப்ப கட்டடத்த யாரு பாத்துக்கிடுதா?" என்று ஏட்டம்மா கேட்டார்.

"நம்ம பிச்சையம்மாக்காதான். கூட்டித் தொடைக்கிறது, மோட்டார் போடுறது எல்லாம் அதுதான். காலி வீட்டையும் மாசாமாசம் கொழாயத் தொறந்து வச்சுப் படம் புடிச்சு ஓனருக்கு அனுப்பும். பாவம், கூலிக்கு மேலயே பாக்கும்."

அண்ணாச்சி மனைவியின் பெயரும் அதுதான். ஏட்டம்மா ஏற்கெனவே மூன்றாவது தெருவை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

மாடிப்படியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கீழ்ப்படியில் கட்டுத்துணி சுற்றிய தூக்குவாளி இருந்தது. ஏட்டம்மா ஆட்களை மிரட்டுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். துடைத்த படியை மிதிக்காமல் சுவரோரமாக ஏறினார். செத்த நேரம் மேல் வீட்டில் உட்கார்ந்து பேசலாமா என்று கேட்டார்.

காலி ஹாலில் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். வீடியோவைக் காட்டினேன். பிச்சையம்மாள் பொய் எதுவும் சொல்லிப் பார்க்கவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு முதலில் இருந்து சொன்னார். ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் சோலைராஜ் மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்து அவர் காலில் விழுந்திருக்கிறான். நிலத்தில் கோர்ட் கேஸ், கட்டடம் அஸ்திவாரத்தோடு சரி, கூட்டாளி பணத்தோடு போய்விட்டான் என்று அழுதிருக்கிறான். அடுத்த வாரமே வெளிநாடு போய்விட்டான். எந்த நாடு என்றுகூடத் தெரியாது. டாக்டரோ, அதிர்ச்சியாக எதையும் அவர் காதில் போடாதீர்கள் என்று கண்டித்துச் சொல்லியிருந்தார்.

"வீட்டுக்கு வந்து நாளைக்குச் சொல்லிக்கிடுவோம்னு இருந்தேன் தாயி. நாளைக்கு, நாளைக்குன்னு மூணு வருசம் ஓடிருச்சு."

தங்கச்சி வீட்டு மாவு மில்லுக்கு ஒத்தாசைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இந்தக் கட்டடத்துக்கு வேலைக்கு வந்திருக்கிறார். இங்கே குடியிருக்கிற இரண்டு வீட்டுக்குச் சமையலும் செய்கிறார். சம்பளத்தை ஐந்தாம் தேதி பேங்கில் எடுத்து, ஓசூர் வாடகை என்று புருஷன் கையில் கொடுக்கிறார். பெங்களூர் முதலாளிக்கு எடுக்கிற வீடியோவையே அவருக்கும் காட்டுகிறார்.

மகளுக்கு ஓசூர் வீட்டை ஏன் பேசினீர்கள் என்று ஏட்டம்மா கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"நாங்க எங்க பேசுனோம்? வெத்தலத் தட்டு மாத்துற நேரத்துல, ஓசூர் வீடு சின்னஞ்சிறுசுகளுக்குத்தானன்னு மாப்பிள்ளையோட அப்பா சபையில கேட்டுட்டாரு. ஜெயசித்ரா அப்பா என்னப் பாத்தாக. நான் அவியளப் பாத்தேன். ரெண்டு பேருக்கும் வாய் வரல. பேசாம இருந்தா சம்மதம்தானன்னு தட்ட மாத்திட்டாக."

அங்கே எனக்கு ஒரு கேள்வி தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தோன்றியது ஏட்டம்மாவுக்கு. அவர் அதைச் சொல்லாமல் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு இல்லை என்பதை இனி மறைக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஏட்டம்மா சொன்னபோது அந்த அம்மாள் தலையாட்டினார். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டார். வீடு போனதைச் சொல்லுங்கள், நான் செய்ததை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள் என்றார். மூன்று வருஷம் தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்துவிடுவாராம். ஏட்டம்மா சரி என்றார். எங்கள் வாடிக்கையாளர் இந்தக் கேஸுக்குக் கட்டிய முன்பணம் எதிலிருந்து வந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது வருஷ கோர்ட்டில் இவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை.

சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். போனோம். ரயில் எதுவும் இல்லை. அவரும் இரண்டு நாய்களும் மட்டும் இருந்தார்கள். ஏட்டம்மா பக்கத்தில் உட்கார்ந்து, சோலைராஜைப் பற்றி ஒரு வார்த்தைகூட எடுக்காமல், நேராகக் கேட்டார்.

"அண்ணாச்சி, முப்பது படத்துல அந்த ஒண்ண மட்டும் ஏன் எடுத்தாந்தீக?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார்.

"அதுலதான் சங்கு இருக்கு" என்றார். "எங்க வீட்டுத் தூக்குவாளியும் இருக்கு. மத்ததுல ஒண்ணுமில்ல."

பென்சிலில் எழுதியதை நான் அங்கேயே அழித்தேன்.

அவருக்குக் கேட்காமல் போகவில்லை. ஏட்டம்மாவுக்கு அது பின்வீட்டுச் சத்தம். அண்ணாச்சிக்கு அது வேலை. சங்கு ஊதினால் எங்கே இருந்தாலும் எழுந்து நிற்கிற ஆள் அவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை, வீட்டில் மகள் சிரிப்பாளாம். ஆபரேஷன் முடிந்து வீட்டில் கட்டிலோடு கிடந்தபோது பிச்சையம்மாள் அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறார். கடைசியில் சங்கு ஊதியிருக்கிறது.

"கட்டில் சட்டத்தப் புடிச்சுக்கிட்டேன், எந்திரிச்சுரக் கூடாதுன்னு. அவ பக்கத்துலயே நிக்கா" என்றார். "நடக்கத் தெம்பு வந்த பொறவு ஒருநா அவ பின்னாலயே போனேன். படி தொடச்சுக்கிட்டு இருந்தா. திரும்பி வந்துட்டேன்."

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன் நான்.

"கேட்டா, நான் செத்துருவேன்னு பயப்படுவா. கேக்காட்டி, அவ படி தொடச்ச காசுல நான் மாத்திர வாங்கித் திங்கணும். அஞ்சாந்தேதியானா, வாடகை வந்துருச்சா ஏட்டின்னு சந்தோசமா வேற கேக்கணும் தம்பி. ஒரு மாசம் கேக்க மறந்துட்டேன். அன்னைக்குப் பூரா என் மொகத்தயே பாத்துக்கிட்டு இருந்தா."

தட்டு மாற்றிய அன்று அவர் மனைவியைப் பார்த்தது, இப்போதாவது சொல்லிவிடேன் என்று. அந்த அம்மாள் அவரைப் பார்த்தது, எப்படிச் சொல்வேன் என்று. இரண்டு பார்வைக்கும் நடுவில் வெற்றிலைத் தட்டு கை மாறிவிட்டது.

"சாவி வேண்டாம்மா. நீங்க வந்து எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சு, சோலைராஜ் ஏமாத்திட்டான், வீடு இல்லன்னு சொல்லுங்க. நான் இப்பத்தான் கேக்குற மாதிரி கேட்டுக்கிடுதேன். அவளும் அப்படித்தான் கேப்பா. யாரும் யாரையும் ஏமாத்துனதா இருக்காது." சொல்லிவிட்டு, தனக்குத் தெரியும் என்பதை மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஏட்டம்மா அதற்கும் சரி என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஏட்டம்மா ஜன்னலைப் பார்த்தே வந்தார். இத்தனை வருஷம் உண்மையைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்துவிடும், இந்தக் கேஸில் கண்டுபிடித்த பிறகும் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்றார். என்னிடம் இருப்பது கிண்டல் மட்டும்தான், அது அன்றைக்கு உதவாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு அவர்கள் வீட்டில் இருந்தோம். அண்ணாச்சி நாற்காலியில், பிச்சையம்மாள் தரையில், ஜெயசித்ரா கதவோரத்தில். ஏட்டம்மா போலீஸ் குரலை எடுத்துக்கொண்டு சொன்னார். சோலைராஜ் வெளிநாட்டுக்கு ஓடிவிட்டான். கட்டடம் அஸ்திவாரத்தோடு நின்றுவிட்டது. ஓசூரில் உங்களுக்கு வீடு இல்லை. புகார் கொடுக்கலாம், நடக்கும்போது நடக்கும். எவ்வளவு நாளில் நடக்கும் என்பது எனக்குத் தெரியும், அந்தக் கோர்ட்டில் டைப் அடித்தவன் நான்.

இருவரும் நன்றாகவே நடித்தார்கள். அவர் நெற்றியில் கை வைத்துக் கண்ணை மூடினார். அந்த அம்மாள் பதறி எழுந்து அவர் நெஞ்சைத் தடவிவிட்டார். அதில் எது நடிப்பு, எது நிஜம் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆனால் நாங்கள் எல்லோரும் மறந்துபோன ஓர் ஆள் அங்கே இருந்தாள். ஜெயசித்ராவுக்கு மட்டும்தான் அந்தச் செய்தி உண்மையிலேயே புதிது. அவள் அழவில்லை. போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள்.

பத்து நிமிடம் ஆனது. அவள் திரும்பி வந்து, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம அவுகளுக்கு லீவு இல்லையாம்ப்பா. பொறவு பேசுதாகளாம்."

மாப்பிள்ளை விசாரிப்பது எங்கள் தொழில். அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது. அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

இனி ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. வீடே இல்லையென்றால் மூன்று வருஷமாக வாடகை அனுப்பியது யார்? முதன்முதலாகக் கேள்விப்படுகிற எந்த மனிதரும் முதலில் அதைத்தான் கேட்பார். அதற்கு நாங்கள் பதிலும் தயார் செய்திருந்தோம். வெளியே தெரியாமல் இருக்கச் சோலைராஜே கொஞ்ச நாள் அனுப்பியிருப்பான் என்று சொல்வதாக இருந்தது. பிச்சையம்மாள் புருஷனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தார். அண்ணாச்சி தண்ணீர் குடித்தார். செம்பைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்த மனிதர், அதை மட்டும் கேட்க மறந்துவிட்டார். நான் இருமிக் காட்டினேன். அவர் கவனிக்கவில்லை. கேள்வி வரவே இல்லை.

அப்போது சங்கு ஊதியது. இழுத்தது, விக்கியது, ஏறியது. தவசிமுத்து அண்ணாச்சி பழக்கத்தில் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

பிச்சையம்மாள் நிற்கிறவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு மடியில் இருந்த தன் போனைப் பார்த்தார். மறுபடியும் அவரைப் பார்த்தார்.

"இது அந்தப் படத்துலயும் கேட்டிருக்கும்ல?" என்றார்.

சங்கு ஓய்ந்தது. அண்ணாச்சி அப்புறமும் உட்காரவில்லை.

"கேட்டுச்சு" என்றார்.